கசிவு விகிதம்

அல் அஹ்ஸாவில் ஜூன். ஏழு மணிக்கே நாற்பத்தொன்று.
தராசுக்கு மேல் கண்ணாடிக் கூண்டு,
கூண்டுக்குள் ஒரு வில்லை:
பாசிப் பசை, சோள மாவு, கொஞ்சம் தேன்மெழுகு.
உள்ளே ஒரு வாசனை.
சிவப்புக் கூன்வண்டிடம்
‘இங்கே நம்ம ஆட்கள் இருக்கிறார்கள்’ என்று
பொய் சொல்லும் வாசனை.

தொண்ணூறு நாள் சொல்ல வேண்டும் அந்தப் பொய்யை,
குரல் ஏறாமல் இறங்காமல்,
நாளுக்கு மூன்று மில்லிகிராம்.
சொல்லி முடித்தபின்
உறை, குப்பி, மூடி ஒன்றும் மிஞ்சாமல்
பேரீச்சை அடிமண்ணில் கரைந்துபோக வேண்டும்.
(போன வருஷத்து பிளாஸ்டிக் உறைகளை
அபு நாசரின் ஆடு தின்றது.
வயிற்றைக் கிழித்தபோது நானும் நின்றிருந்தேன்.
பதினேழு. எண்ணுவது என் வேலை.)

முதல் நாள்தான் கஷ்டம்.
எந்த வில்லையும் முதல் நாளில்
மேலே ஒட்டியிருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.
வரைபடத்தில் செங்குத்தாய் ஒரு சுவர்,
அப்புறம்தான் சரிவு.
எட்டாவது கலவையில் சுவர் சற்றுக் குட்டையானது.
மெழுகைக் கூட்டினேன். பதினோராவதில் இன்னும் சற்று.
அந்தப் பதினொன்றைத்தான்
வாளிப்பொறிகளில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறான் சேர்மக்கனி,
ஆறாவது வரிசையில் எங்கோ.

இன்று ஐந்தேகாலுக்கு
அவன் அத்தானிடமிருந்து எனக்கு அழைப்பு.
தம்பி. கல் லாரி. திசையன்விளை விலக்கு.
“நீங்கதான் பக்குவமாச் சொல்லணும் சார்.
மொதல்ல அடிபட்டிருக்குன்னு.
பதினொரு மணி வாக்குல ஐ.சி.யூ.ன்னு.
டிக்கெட் கைக்கு வந்தப்புறம் மத்தத.”

இந்தக் கடலுக்கு இந்தப் பக்கம்
எல்லோருக்கும் பழக்கம் இந்த மருந்துச் சீட்டு.
‘அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை’ என்றால்
பேசாமல் பெட்டி கட்டுகிறவர்கள் நாங்கள்.
ஆனாலும் அந்தக் ‘கொஞ்சம்’ வேண்டியிருக்கிறது:
விமான நிலையத்தில் வரிசையில் நிற்க,
பாஸ்போர்ட்டை நீட்ட,
ஜன்னல் சீட்டா என்று கேட்பவளுக்குப் பதில் சொல்ல.

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன்.
நடக்க நடக்க அளந்தேன்.
இப்போது அடி. அப்புறம் தலையில் அடி.
அதற்கப்புறம்...
நாக்கு மெழுகாய்க் கிடந்தது.

குந்தியிருந்தான். வாளியில் தண்ணீர்,
நசுங்கிய பழம் நாலு.
வில்லையைக் கம்பியில் கோத்து
மூடிக்கடியில் தொங்கவிட்டு
அடுத்ததற்கு நகர்ந்தான்.
“சேர்மா, வீட்டிலிருந்து ஒரு போன்...”
“தெரியும் சார்.
நாலரைக்கே பார்த்துட்டேன்.
எவனோ ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தான்,
மாலையோட.”

மெழுகே இல்லாத வில்லை.
மொத்தமும் ஒரே நிமிஷத்தில்.

ஏண்டா வேலைக்கு வந்தாய் என்று கேட்கவில்லை.
அவனாகத்தான் சொன்னான்:
“முப்பத்திரண்டு வாளி இருக்கு சார்.
வாளிக்கு வாளி கொஞ்சம் நெனச்சுக்கிறேன்.”

பிறகு, நிமிராமலே,
“அத்தான்கிட்ட, எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்.
தெரியும்னா உடனே
அம்மாகிட்ட போனைக் குடுத்துடுவாங்க.”

எட்டு மணிக்கு அத்தானுக்கு அனுப்பினேன்:
அடின்னு சொல்லியிருக்கேன். நம்பிட்டான்.
பதினொன்றுக்கு: ஐ.சி.யூ. சொல்லியாச்சு.
பக்கத்தில் உட்கார்ந்து
கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி வெட்டிக் கொடுத்தேன்.
இருபத்தாறாவது வாளியில்
அதற்குள் ஒரு வண்டு வந்திருந்தது,
தண்ணீரில் கால்களை அடித்துக்கொண்டு.
இருவரும் அதைப் பார்த்தோம்.

தம்மாமிலிருந்து இரவு ஒன்பதே காலுக்கு விமானம்.
இன்னும் ஆறு வாளி.